கத்தி படாத தட்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஓணம் விடுமுறை முடிந்த வாரம் நடந்தது இது. நான் மட்டாஞ்சேரியில் இருக்கிறேன். என் கொழுந்தன் மனைவி பள்ளுருத்தியில் இருக்கிறாள். அன்று அவள் இரண்டு பழைய பீங்கான் தட்டுகளை டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "மன்னி, இது பிரெஞ்சு பிளேட்டாக்கும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். உங்க தெருவுல பழைய சாமான் கடை இருக்கே, காட்டிப் பார்க்கலாமா?" என்றாள். கேட்டதுமே எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் இருக்கிறது. எங்கள் மாமனார் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் பெட்டி நிறைய பீங்கான் தட்டுகளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். மாம்சம் தின்ற தட்டு என்று மாமியார் அதைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. பெட்டி பரணிலேயே கிடந்தது. மாமியாரும் காலமான பிறகு சாமான்களைப் பிரித்தபோது, மூத்த மருமகள் என்று எனக்குத்தான் முதல் உரிமை. வெண்கல உருளியையும் விளக்குகளையும் எடுத்துக்கொண்டு, தட்டுப் பெட்டியை அவள் தலையில் கட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

கடைக்கு நடக்கும்போது, இது டூப்ளிகேட்டாக இருக்க வேண்டும் பகவானே என்று வேண்டிக்கொண்டே போனேன். ஒருவேளை அசல் என்றால் சும்மா விடக் கூடாது, குடும்பச் சொத்தில் பாதி கேட்டுவிட வேண்டும் என்றும் தீர்மானித்திருந்தேன்.

கடைக்காரர் ஒரு தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பின்னாலிருந்த அவர் விரல்களின் நிழல் இந்தப் பக்கம் தெரிந்தது. அடியில் இருந்த பச்சை முத்திரையை நகத்தால் தடவிப் பார்த்தார். மெருகுக்குக் கீழே இருப்பதால் நகத்தில் தட்டுப்படவில்லை, அது நல்ல அடையாளம் என்றார். பூக்களின்மேல் லென்ஸை வைத்து, அச்சடித்த புள்ளிகள் இல்லை, தூரிகையால் வரைந்தது என்றார். பிரான்சில் லிமோஜ் என்ற ஊரில் செய்ததாம், நூறு வருஷம் தாண்டியிருக்குமாம். அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. எனக்கு உள்ளே புகைந்தது.

பிறகு தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, கத்தி கொண்ட பாடு ஒண்ணுகூட இல்லல்லோ. இதுல ஆரும் சாப்பிட்டதே இல்ல" என்றார். மாம்சத்தை வெட்டிச் சாப்பிட்ட தட்டு என்றால் மெருகில் கத்தி பட்ட மெல்லிய கீறல்கள் விழுந்திருக்குமாம், விளிம்புத் தங்கம் தேய்ந்திருக்குமாம். வீட்டில் இருந்த மற்றப் பத்துத் தட்டுகளின் படங்களைப் போனில் காட்டினாள். அவையும் அப்படியே பளபளத்தன. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்ட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. முழு செட்டாக இருந்தால் இவ்வளவு விலை போகும் என்று அவர் ஒரு பெரிய தொகையைச் சொன்னார். பிரித்தால் வெறும் உதிரித் தட்டு விலைதான் என்றும் சொன்னார்.

வெளியே வந்தோம். பங்குப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பாதி உங்களுக்கு மன்னி. ஆளுக்கு ஆறு எடுத்துக்கலாம்."

"பைத்தியமாடி நோக்கு? பிரிச்சா விலை போயிடும்னாரே!"

"விக்கறதா இருந்தாதானே விலை? அம்மாதான் தொடாமலே வெச்சுட்டா. நாம சாப்பிடலாமே."

பங்கு கேட்கப் போன நான்தான் அப்படி நடுத்தெருவில் கத்தினேன். அவளோ, சாயா குடிக்கலாமா மன்னி என்று கேட்டுக்கொண்டு அடுத்த கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு தட்டுகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முழு செட்டும் என் கையில் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு தட்டுகூடக் கொடுத்திருக்க மாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான், பாதி கிடைத்த பிறகும் அவள்மேல் எனக்கு இருக்கும் பொறாமை தீரவே இல்லை.