ரெட்டியார்பாளையத்தில் ஒரு விரல்

சைகோனிலிருந்து வந்த கப்பலை விட்டுப் புதுச்சேரியில் இறங்கி, ஊருக்குப் போக விழுப்புரம் பஸ் ஏறியவன், ரெட்டியார்பாளையத்திலேயே இறங்கிவிடுகிறேன். இங்கே சாலையோரக் கொட்டகையில் ஓர் எலும்பு வைத்தியர் இருப்பதாகக் கப்பலில் சொன்னார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருடமாகிறது. அவர் பெஞ்சுக்கு மேல் இன்னும் பிரெஞ்சுக் காலண்டர்தான் தொங்குகிறது.

கழனியிலிருந்து வந்த வைத்தியர் கை கழுவிக்கொண்டு என் வலது நடுவிரலைப் பிடித்து அழுத்துகிறார். உயிர் போகிறது.

"எப்பிடி ஆச்சு?"

"பந்து புடிக்கும்போது. சைகோன்ல ஞாயித்துக்கெழம ஃபுட்பால் ஆடுறோம். நான் கோல்கீப்பர்."

"மத்த நாள்ல?"

"கம்பெனியில டைப் அடிக்கிறேன்."

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, ஒரு மாதமாகக் கட்டுப் போடாமல் மறைத்த விரல் இது. அதையும் சொல்கிறேன்.

"ரொம்ப நாளு உட்டுட்டீங்க சார். மூட்டு இறுகிப்போச்சு. இனிமே மடக்கி நீட்ட வராது. நான் எப்பிடிக் கட்டுறனோ அப்பிடியே நின்னுடும். வளைச்சுக் கட்டுனா டைப் அடிக்கலாம். நேரா கட்டுனா பந்து புடிக்கலாம். எது வேணும், நீங்களே சொல்லுங்க."

மூங்கில் பத்தையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவசரப்படுத்தவில்லை.

ஊரில் என் சம்பளத்தை நம்பி ஐந்து பேர் இருக்கிறார்கள். டைப் மெஷின்மேல் வைப்பதுபோல வலது கையைப் பலகைமேல் வளைத்து வைக்கிறேன். முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியை அவர் சுற்றத் தொடங்குகிறார்.

இடது கை மடியில், பந்தை எதிர்பார்ப்பதுபோல ஐந்து விரலும் அகல விரிந்தபடி இருக்கிறது. பார்த்துவிட்டு, அதை மூடிக்கொள்கிறேன்.