குடிகாரன் தொட்டி

திருவிழா முளைப்பாலிகைக்காக ஊறவைத்த தானியக் குவியலுக்குள் நேற்றுக் கைவிட்டேன். இளஞ்சூடு. இருட்டறையில் முளைவிடும் விதையின் சூடு அது. இலை வெயிலைப் பிடித்து மாவாக்கி விதைக்குள் பூட்டிவைக்கிறது. விதையின் உயிரணுக்களோ காற்றைக் கொண்டு அதை மெல்ல எரித்து உயிர் வளர்க்கின்றன. ஐயன் கையில் அனலேந்தி ஆடுவதை இந்தக் கோயிலில் ஓதுவாராக நாள்தோறும் பாடும் எனக்கு அந்தச் சூட்டில் பக்தியல்லவா பிறந்திருக்க வேண்டும்? பிறந்தது கோபம்.

அதே சூட்டை முன்பு இதே ஊரில், ஆம்பூர்த் தோல் பதனிடும் மண்டியில் கண்டிருக்கிறேன். அங்கே நான் குமாஸ்தா. நெற்றி நிறைய நீறும், புதிதாகப் படித்த ரசாயன நூலின் கர்வமும் உள்ள குமாஸ்தா. என்னைச் சகித்தவர்கள் பெரிய மனசுக்காரர்கள்தாம். தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்குவதற்காகத் தவிட்டைப் புளிக்கவைக்கும் ஆழமான தொட்டி ஒன்று கூரைக்கடியில் இருந்தது. மார்கழிக் காலைகளில் பெண்கள் அதன் பலகைமூடியில் கைவைத்துக் குளிர்காய்வார்கள். கள் வாடை வீசும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தவிட்டின் சத்தை உடைத்துத் தமக்கு வலுத் தேடிக்கொண்டு, கரியமிலவாயுவை வெளிவிடும்போது எழும் வாடை. காற்றைவிடக் கனமான அந்த வாயு அடியிலேயே தேங்கும்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுதும் மூடிக் கிடந்த அத்தொட்டியில் வண்டல் வாரக் கூலியாள் சின்னப்பனை இறக்கினார் மேஸ்திரி. இறங்கியவன் சாய்ந்தான். கொக்கிக் கழியால் இழுத்தெடுத்தபோது உயிரில்லை; உடம்பெல்லாம் கள் வாடை.

"குடிச்சிட்டு எறங்கிருக்கான். வேற இன்னா?" என்றார் மேஸ்திரி, நாக்கூசாமல்.

நான் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது.

"இன்னா சாமி, பதிகம் பாடி அணைச்சிட்டியா?" என்று அவர் கேட்க, சிலர் சிரித்தனர்.

மறுபடி ஏற்றி இறக்கினேன். மறுபடி அணைந்தது. சிரிப்பும் நின்றது. சுடருக்கும் உடலுக்கும் வேண்டியது ஒரே காற்று. அது அங்கே இல்லை. இதை விளங்கிக்கொள்ள, அங்கே நின்று பார்த்த மண்டி முதலாளிக்கு நூல் எதுவும் தேவைப்படவில்லை.

விளங்கியதால்தான் சின்னப்பனின் மனைவி ரோசம்மாவை அழைத்தார். "குடிச்சிருந்தான்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா. மண்டி லைன் வீட்லயே பசங்களோட இரு. இல்லன்னா நாளைக்கே காலி பண்ணு."

பிணம் இன்னும் அடக்கத்துக்கு எடுக்கப்படவில்லை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு பேசிய பேரம் இது.

"எங்க வீட்டுக்காரரு ஞானஸ்நானம் வாங்குனதுலேர்ந்து கள்ளைத் தொட்டதில்ல. உங்க தொட்டிதான் பொங்குச்சு, உங்க தொட்டிதான் நாறுச்சு," என்றாள் அவள்.

அடக்கம் முடிந்ததும் பாத்திர மூட்டையோடும் பிள்ளைகளோடும் ஜோலார்பேட்டைக்கு வண்டியேறினாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே: "வீடு போவுது சாமி. கேக்குறவங்களுக்கு நீங்க உள்ளதைச் சொல்லுங்க."

சொன்னேன். வேலை போன பிறகும் சொன்னேன்.

தொட்டியைத் தூர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது தோல் கழுவும் மின்சார உருளைகள் சுழல்கின்றன. முதலாளி இல்லை, மேஸ்திரி இல்லை, லைன் வீடுகள் இல்லை, பலகைமேல் குளிர்காய்ந்த பெண்களும் இல்லை.

நேற்றுத் தானியச் சூடு உள்ளங்கையில் ஆறுமுன் கோயிலைவிட்டு வெளியே வந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் சத்திரத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். பூக்காரி கட்டிய சரத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "நேரா போங்க. குடிகாரன் தொட்டி தாண்டுனா சத்திரம்."