மேல்தட்டுக் குழந்தையை யார் ஏந்துவது?

கரமனையில் ஒரு மாடி வீட்டை நாங்கள் இருவர் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் நாகர்கோவில்காரி, கல்லூரியில் மானிடவியல் பாடம் எடுக்கிறேன், ஒப்பந்த வேலை. அவள் பாறசாலைப் பக்கம், பேச்சில் மலையாளம் கலக்கும், என்னைவிட இளையவள். கழக்கூட்டத்தில் வீடியோ கேம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கதை எழுதுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புட்டு வெந்துகொண்டிருந்தபோது, அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். புதிய விளையாட்டுக்காக ஒரு மலைநாட்டை உருவாக்கியிருந்தாள். ஐந்து தட்டுகளாக மக்கள். மேல்தட்டுக்காரர்கள் கையால் எந்த வேலையும் செய்யக் கூடாது. கீழே உள்ள யாரும் அவர்களைத் தொடவும் கூடாது. இரண்டாம் தட்டு அவர்களுக்காகப் பேசும். மூன்றாம் தட்டு சமைக்கும், ருசி பார்க்காது. படிக்கப் படிக்க எனக்கு மூச்சு முட்டியது. அவ்வளவு கச்சிதம்.

"எவ்வளவு நாளாச்சு இதை எழுத?"

"ஒரு மாசம்கூட ஆகல்லை அக்கா."

நான் பல வருஷமாக, இங்கே ‘சாலை’ என்றே பெயருள்ள பழைய கடைத்தெருவில் அலைந்தவள். தானியக் கடைகளில் யார் யாரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள், யார் முதலில் சாப்பிடப் போகிறார்கள் என்று கவனிப்பதுதான் என் ஆய்வு. முதலாளி நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள் என்று நான் முடிவுக்கு வந்த அன்றே, மூட்டை தூக்குகிறவர் அதில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஃபேன் இங்கதானம்மா ஓடுது" என்றார். என் ஆய்வேடு இன்னும் முடிந்தபாடில்லை. அவளுடைய மனிதர்களோ சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

"தப்பு ஏதாவது உண்டோ அக்கா? நீங்கதானே இதெல்லாம் படிச்சவங்க."

எப்படியாவது அந்த மலையை இடித்துவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

"மேல்தட்டுப் பொண்ணுக்குப் பிரசவம்னா குழந்தையை யாரு ஏந்துவா? அவங்க கையால எதுவும் செய்யக் கூடாது. மத்தவங்க தொடக் கூடாது. அப்ப குழந்தை தரையில விழுமா?"

அவள் புட்டை அளைந்துகொண்டே இருந்தாள். நான் இன்னொரு பழம் உரித்து, பிசைந்து, திருப்தியாகச் சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து, வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் ஓடி வந்தாள்.

"கிட்டிப்போச்சு அக்கா! கடைசித் தட்டுக்காரிதான் ஏந்துவா. ராஜாவையே முதல்ல தொட்ட கை அவளோடது. ஆனா அதை யாரும் வெளியில சொல்லக் கூடாது. சொல்லிட்டா அந்த நாடே நிக்காது. அதை யார் சொல்லப்போறாங்கன்னுதான் கேமே! அடிபொளி, அல்லே?"

கெடுப்பதற்காகக் கேட்ட கேள்வி அவளுக்குக் கதையாகிவிட்டது.

விளையாட்டு வெளிவந்து, எங்கு பார்த்தாலும் அதே பேச்சாக இருந்தது. முடிவில் ஓடும் நன்றி வரிகளில் என் பெயரும் வந்தது. அதை நிறுத்தி, பெரிதாக்கி, சந்தோஷமாகக் காட்டினாள். நன்றி சொல்லாமல் விட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒருநாள் உறவுமுறை பற்றிய வகுப்பில் சாலைக் கடைகளை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன். பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். ஒரு மாணவி அந்த மலைநாட்டை இழுத்ததும் வகுப்பு முழுக்க விழித்துக்கொண்டது. இரண்டாம் தட்டில் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்வார்கள் என்றாள் அவள்.

"இல்லை, மூணாம் தட்டிலதான் பெண் எடுப்பாங்க" என்றேன், என்னை அறியாமல்.

"மிஸ்ஸும் இந்த கேம் களிக்குமோ?" என்று, நானும் விளையாடுகிறவள்தான் எனக் கண்டுபிடித்த குஷியில் ஒருத்தி மலையாளத்தில் கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். என் பாடத்துக்கு அப்படி யாரும் தட்டியதில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த நாட்டில் இன்னொரு ஓட்டை தட்டுப்பட்டது. ஐந்து தட்டிலும் யாரும் யாரையும் கிண்டல் செய்வதே இல்லை. கிண்டல் இல்லாமல் அப்படி ஓர் ஊர் ஒருநாள்கூட ஓடாது.

அவள் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டாம் பாகம் எழுதச் சொல்லியாச்சு அக்கா. வேற ஏதாவது தப்பு கண்ணில பட்டதா?"

"இல்லையே, எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவள் நம்பிவிட்டாள். இப்போது ராத்திரிகளில் அந்தக் கிண்டலை வைத்து நானே ஒரு நாட்டை எழுதிப் பார்க்கிறேன். மூன்றாம் பக்கம் தாண்டவில்லை. என் ஆட்கள் சிரிக்கக்கூட மறுக்கிறார்கள். பக்கத்து அறையில் அவளுடைய கீபோர்டு சத்தம் நிற்பதே இல்லை.