வேற்றுக்கிரகக் கடலுக்கு அழுதவர்

"சனிக்கிழமை. பகல் பதினொரு மணி. ஆற்றில் வற்று நீர். பள்ளிக்கூடத்தில் படம்." எட்டாம் வகுப்பு நோட்டின் பின்னட்டையில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. அன்று எண்ணூரில் அடித்த கந்தக நெடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தினமும் இருப்பதை யார் எழுதுவார்கள்?

அனல்மின் ஆலையின் சாம்பல் குழாய் உடைந்து, முகத்துவாரத்து ஆறு கரைத்த சிமெண்டாகக் கிடந்த சமயம். அந்த ஆலையே சுற்றுச்சூழல் விழா என்று சொல்லி, பள்ளி ஜன்னல்களைக் கோணியால் மறைத்து, தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டு அறிவியல் படம் ஒன்றைக் காட்டியது. அந்தக் கிரகத்தில் கடல்தான் தெய்வம். அதைத் தோண்ட இயந்திரங்கள் வருகின்றன. கழுத்தில் செவுள் உள்ள அந்தக் கிரகத்துப் பெண்கள் கடலில் இறங்குமுன் ஒரு கை நீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது கூடமே சலசலத்தது. கையால் தடவி இறால் பிடிக்க இறங்கும் எங்கள் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள்.

"இன்னாடி இது, அதுங்களும் நம்மள மாரியே கும்புட்டுகினு கீதுங்க," என்றாள் அப்பாவின் தங்கை தனம் அத்தை.

"செவுளு ஒண்ணுதான் ஒனக்குக் கொறச்சல்," என்றது பின்வரிசை.

கடல் சாகும் காட்சியில் ஆலை அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அத்தை பார்த்துவிட்டாள். இறால் பருவத்துக்குள் குழாயை அடைக்கச் சொல்லி ஊர்ப் பெண்கள் கைநாட்டு வைத்த மனு அவள் மடியில் இருந்தது. திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய காகிதம். படம் முடிந்ததும் அதை அவரிடமே நீட்டினாள்.

"ரசீது கேளு தனம்," என்றாள் அம்மா.

"கண்ணு கலங்குற மனுசனாண்ட இன்னாத்துக்கு ரசீது?"

அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களிடம் நகல் இல்லை.

குழாய் அடைபடவில்லை. அந்தப் பருவம் முழுக்க அத்தை முழங்கால் சேற்றோடும் வெறுங்கூடையோடும் திரும்பினாள்; அடுத்த பருவத்தில் மீன் வெட்டும் கொட்டகைக்குக் கூலிக்குப் போனாள்.

அதன்பின் இவ்வகைப் படங்கள் நிறையப் பார்த்தேன், அவற்றைப் பற்றி நிறையப் படித்தேன். இயற்கையே இறைவன் என்று காட்டுகின்றன என அவற்றைப் புகழ்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. இல்லாத கடலைக் கும்பிட்டால் அது ஆன்மிகம். எங்கள் ஆற்றைக் கும்பிட்டதாக, ஆலை பற்றிய அரசுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் சொன்னபோது மேடையில் சிரித்தார்கள்.

இன்று பெண்கள் இறால் பிடிக்க இறங்கிய அந்த ஆற்றுத் துறையில் சாம்பல் மேடு நிற்கிறது. கண்ணில் ஒற்ற ஒரு கை நீர் கிடையாது. தாலுகா பதிவேட்டில் மனு இல்லை, இருக்க வழியுமில்லை. ஆலைக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அந்தக் காகிதம் அவர் சட்டைப் பையிலிருந்து எப்போதாவது வெளியே எடுக்கப்பட்டதா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.