பாதி எடுப்பதா, முழுதும் எடுப்பதா

எனக்கு நாற்பத்தொரு வயது நடந்துகொண்டிருந்தபோது என் அடிவயிறு திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பொது விவகாரமாகிவிட்டது. அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. டிரங்க் கால் ஆபரேட்டராக வேலை. பத்துப் பதினைந்து பெண்கள் போர்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரையும் ஊரையும் இணைத்துக்கொண்டிருப்போம். வீடு ஸ்ரீரங்கத்தில். கணவர் பொன்மலையில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன். மகனும் மகளும் ஹைஸ்கூலில் படித்தார்கள்.

வலி தொடங்கி மூன்று வருடமாகியிருந்தது. முதலில் மாதத்தில் மூன்று நாள் இருந்தது. பிறகு பத்து நாளானது. பிறகு நாள் கணக்கே இல்லை. இடுப்புக்குள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் வேறொரு வலி. மடியில் வெந்நீர்ப் பையை வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்பேன். ஒருமுறை மறுமுனையில் இருந்தவர், "ஏம்மா, குரல் இவ்வளவு சோகமா இருக்கே, கால் கிடைக்கவே கிடைக்காதா?" என்று கேட்டார்.

தில்லை நகரில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். சுருக்கமாகப் பேசுகிறவர். அன்றைக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

"கர்ப்பப்பை வீங்கியிருக்கு. மாத்திரை சாப்பிட்டாச்சு, சுத்தம் பண்ணியும் பார்த்தாச்சு. இனிமே எடுத்துடறதுதான் நல்லது" என்றார். "அதுல ரெண்டு விதம் இருக்கு. மேல் பாகத்தை மட்டும் எடுத்துட்டு, கீழே இருக்கிற கர்ப்பப்பை வாயை விட்டுடலாம். சீக்கிரம் முடியும், சீக்கிரம் எழுந்து நடப்பீங்க. ஆனா வலி அந்த வாயிலயும் இருந்ததுன்னா அது அங்கேயே தங்கிடும். டெஸ்டுக்கும் அப்பப்போ வரணும். இல்லேன்னா வாயோட சேர்த்து முழுசா எடுத்துடலாம். கொஞ்சம் பெரிய வேலை."

"சினைப்பை?" என்றார் என் கணவர்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர் அவர்.

"அது தனிக் கேள்வி சார். நல்லா இருந்தா ரெண்டையும் விட்டுடுவேன். எடுத்துட்டா இவங்களுக்கு இந்த வயசுலேயே எல்லாம் நின்னுபோய், உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும்." என் பக்கம் திரும்பினார். "வயிறு உங்களோடது. யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவர் காபிகூடக் கேட்காமல் டிராயிங் ஷீட்டை விரித்தார். என் கர்ப்பப்பையை முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம் என்று இரண்டாக வரைந்தார். பாதி ஆபரேஷனுக்கு விட்டு விட்டுக் கோடு, முழு ஆபரேஷனுக்குத் தொடர்கோடு. அழகாகத்தான் இருந்தது. அளவு மட்டும் ஒரு நீராவி என்ஜினின் பாய்லருக்குப் பொருந்துகிற மாதிரி இருந்தது.

"இதை வெச்சு என்னங்க பண்றது?"

"பார்த்தா ஒரு தெளிவு வருமில்ல?" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை மறுபடியும் சீவ ஆரம்பித்தார்.

மறுநாள்தான் அந்தத் தப்பைச் செய்தேன். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் கோயம்புத்தூரில் இருந்த தங்கையைக் கூப்பிட்டேன். லைன் மோசம், கத்த வேண்டியிருந்தது. "பாதியா முழுசான்னு தெரியலடி!" என்று நான் கத்த, "என்னது பாதி?" என்று அவள் கத்த, கடைசியில் கர்ப்பப்பை என்ற சொல்லை நான் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட உரக்கச் சொல்லவேண்டி வந்தது. ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால் வரிசை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

டிஃபன் பாக்ஸைத் திறப்பதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. "வேரோட எடுத்துடுங்கக்கா" என்றது ஒரு கட்சி. "உடம்புல இருக்கறதை எதுக்கு வீணா எடுக்கணும்?" என்றது இன்னொன்று. எங்கள் சூப்பர்வைசர் பாலக்கரையிலிருந்து வருகிற கிறிஸ்துவப் பெண்மணி. சிரிப்பை அளந்துதான் செலவழிப்பார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கு அஞ்சு வருஷம் முன்னாடி எல்லாத்தையும் எடுத்துட்டாங்கம்மா. சினைப்பையும் சேர்த்து. என்கிட்ட யாரும் கேட்கலை. நான் எப்பவும் ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கேனே, ஏன்னு நினைச்ச?"

சீனியாரிட்டி என்று நினைத்திருந்தோம். அதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "வலி போயிடுச்சு. அது மட்டும் நிஜம். ஆனா உன்னைக் கேட்கறாங்கள்ல, நல்லா கேட்டுக்க" என்றார்.

நான் மற்றவர்களிடம் திரும்பியபோது மெஷின் ரூமிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். விவகாரம் என்னவென்று அவருக்குத் தெரியாது. "பாதியா முழுசா" என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பேச்சு என்று நினைத்துவிட்டார். "எதுவா இருந்தாலும் ஒரேயடியா முடிச்சிடுங்க மேடம். பாதியில விட்டா மறுபடியும் ஆளைத் தேடணும்" என்றார். பெண்கள் எல்லோரும் டிஃபன் பாக்ஸுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் எனக்குக் கிடைத்த யோசனைகளில் உருப்படியானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இதற்குள் துறையூரிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். கணவருக்கு அக்கா, ஐந்து ஏக்கர் நெல்லையும் அதைச் சுற்றியிருக்கிற மனிதர்களையும் அதட்டி மேய்க்கிறவர். பை நிறைய முருங்கைக்கீரையோடு வந்தார்.

"முழுசா எடுத்துட்டா பொம்பளை உடம்பு காலிப் பானை மாதிரி ஆயிடும். பாதியாவது இருக்கட்டும். வலிதானே? யாருக்கு இல்லை வலி?" என்றார்.

"உங்களுக்கு இருக்கா அண்ணி?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கீரையை உருவ ஆரம்பித்தார்.

நான் முடிவெடுத்தது சனிக்கிழமை, டவுன் பஸ்ஸில். காவிரிப் பாலத்தின் நடுவில் வலி வந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மேல்பாகத்தை எடுத்த பிறகும் இதே வலி, இதே பாலத்தில், இதே கம்பியில் வந்தால் என்ன செய்வேன் என்று தோன்றியது. இன்னொரு முறை ஆபரேஷன் மேஜையில் படுக்கிற தைரியம் எனக்கு வராது. அது எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மனசு லேசாக இருந்தது. வயிறுதான் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். "வாயோட சேர்த்து எடுத்துடுங்க. சினைப்பை நல்லா இருந்தா விட்டுடுங்க. நல்லா இல்லேன்னா நீங்களே பார்த்துக்குங்க."

"நல்லது. வேற ஏதாவது கேட்கணுமா?"

ஒரு வாரமாக ஒரு கேள்வி எனக்குள் இருந்தது. கேட்க முடியவில்லை. அப்போது என் கணவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்லை டாக்டர்... இதுக்கப்புறம்... வீட்டுல... நாங்க..." என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க சார். அப்புறம் நானே ஒருதடவை பார்த்துட்டுச் சொல்றேன். அதுக்கு மேல உங்க பாடு."

பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த மனிதரை நான் அவ்வளவு பிரியமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வந்து, "பரவாயில்லையே, உங்களுக்கும் கவலை இருந்திருக்கே" என்றேன். "சும்மா நட" என்றார்.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு நர்ஸ் எடுத்ததை டிரேயில் வைத்து வெளியே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அப்போது அதுதான் வழக்கம். இதை நாத்தனார் எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். என் கணவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டாராம். இடது பக்கச் சினைப்பை கெட்டுப்போயிருந்ததால் அதையும் எடுத்திருந்தார்கள். வலது பக்கம் தப்பித்தது. எக்ஸ்சேஞ்சில் இரண்டு கட்சிகளும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். நாத்தனார் ஊருக்குப் போகவில்லை. குடத்தைத் தொட்டால் அதட்டுவார், குனிந்தால் அதட்டுவார். கணவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். நாங்கள் அதைக் குடிக்கக் கற்றுக்கொண்டோம்.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம் நாத்தனார் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சீப்பு நடுவில் நின்றது.

"உனக்கு அந்த வலி எப்படி இருந்துச்சு? துணியைப் பிழியற மாதிரியா?"

"ஆமாம் அண்ணி."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. எட்டு வருஷமா."

நான் அவர் பக்கம் திரும்ப முயன்றேன். தலையைப் பிடித்து நேராக்கிவிட்டார். "ஆடாத. கோணல் வகிடு ஆயிடும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? மாட்டுக்கிட்டயா?"

அவர் பின்னலைத் தேவைக்கு அதிகமாக இறுக்கிக்கொண்டே போனார்.

எனக்கு வெளியே போக அனுமதி கிடைத்த முதல் நாளே அவரைத் தில்லை நகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்லைங்க. இவதான் இழுத்துட்டு வந்தா" என்றார் நாத்தனார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே முக்கால் மணி நேரம் பேச்சு கேட்டது. பெரும்பாலும் ஒரே குரல்.

அவருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. பழைய ரணம் ஒன்று ஆறாமல் இருந்திருக்கிறது. நாலு மாதம் மருந்து சாப்பிட்டதில் பெரும்பகுதி குணமானது. எனக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் இடது பக்கம் இன்னமும் லேசாக இழுக்கும். டாக்டரிடம் சொன்னபோது, "அதோட சிநேகமா இருந்துக்குங்க" என்றார். இருந்துகொண்டிருக்கிறேன்.

நாத்தனார் துறையூருக்குத் திரும்பிய அடுத்த மாதம் ஒரு கடிதம் போட்டார். பக்கத்து வயல்காரர் மனைவிக்கும் அடிவயிற்றில் வலியாம், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தாளாம், இவர் அதட்டி வாயைத் திறக்க வைத்தாராம். புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறார்கள், டாக்டரிடம் சொல்லி வைக்கவும் என்று எழுதியிருந்தார்.