ஜஸ்டின் கொண்டுவந்த ரிவால்வர்

டெய்ரி ஃபார்ம் என்ற ஊரில் வேதநாயகத்தைக் 'கௌபாய் அண்ணன்' என்றால்தான் தெரியும். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். முன்பு சரக்குக் கப்பலில் இருந்தபோது, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றின் பழைய சாமான் சந்தையில், ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொள்ளும் தோலுறை ஒன்று அவர் கண்ணில் பட்டது. மாடு ஓட்டிக்கொண்டு குதிரையில் அலைந்தவர்களின் காலத்துத் தோல். அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. தோட்டா செருகும் பெல்ட், ஈயக் குண்டு வார்க்கும் அச்சு, பூட்ஸில் மாட்டும் குதிரை முள் என்று தேடித் தேடிச் சேர்த்தார். ரிவால்வர் மட்டும் அமையவில்லை. அகப்பட்டதெல்லாம் சுடக்கூடியவை, ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. ஆனாலும் இந்தத் தீவுகளில் இப்படிப்பட்ட சாமான் தன்னிடம் மட்டும்தான் என்ற நினைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவன் மனைவி அமுதத்தின் தம்பி ஜஸ்டின். அவனும் கப்பல்காரன்தான். சில வருஷத்துக்கு முன் லீவில், சௌல்தாரி என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தவன், குழாயை ஈயம் ஊற்றி அடைத்த, இனி எந்தக் காலத்திலும் சுடாத, அந்தக் காலத்து ரிவால்வர் ஒன்றை முறையான தாள்களோடு கொண்டுவந்திருந்தான்.

"சும்மா பாத்தேன் அத்தான், அழகா இருந்துச்சி, வாங்கிட்டேன்."

சும்மா பார்த்தானாம்! வேதநாயகத்துக்கு வயிறு எரிந்தது. அக்கம்பக்கத்தார் கூடத்தில் கூடியிருந்தார்கள். சர்ச் சாமியார்கூட வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாராம். வேதநாயகத்தின் டெய்ரி ஃபார்ம் வீட்டுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

ரிவால்வரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உடம்பிலும் விசையைச் சுற்றிய வளையத்திலும் கைப்பிடி அடியிலும் ஒரே எண். உருளையில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தேய்மானம். சந்தேகமே இல்லை, அசல்.

"நக்லி மால், மாப்ள," என்றார். "டூரிஸ்ட்டுகளுக்குன்னே டூப்ளிகேட் செய்யுதான். உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். ஜஸ்டினின் முகம் சுருங்கியது. வேதநாயகம் அன்று இரண்டு தட்டு சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

ஜஸ்டின் கப்பலுக்குத் திரும்பினான். கோயில் திருவிழா நாடகத்துக்கு அமுதத்தோடு போனார் வேதநாயகம். மேடையில் கொள்ளைக்காரனாக நடித்தவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவினான். பளபளவென்று சில்வர் பெயின்ட். அதன் வளைந்த கைப்பிடியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஜஸ்டின்தான் குடுத்துட்டுப் போனான்," என்றாள் அமுதம். "டூப்ளிகேட்தானன்னு."

நாடகம் முடியும்வரை அவரால் உட்கார முடியவில்லை. மேடைக்குப் பின்னால் ஓடி, வேறொரு பொம்மைத் துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொல்லி அதைக் கேட்டு வாங்கினார். பட்டறையில் வைத்து மண்ணெண்ணெயும் பழைய துணியுமாகப் பெயின்டைத் தேய்த்து எடுக்கவே பல வாரம் ஆயிற்று. எண்கள் மறுபடி தெரிந்தன. தோலுறையில் செருகினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அப்படியே வைத்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியும் என்று பெட்டியைச் சாத்தினார்.

அமுதம் வாசலில் நின்றிருந்தாள்.

"அசல்தான?"

அவர் பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"அன்னைக்கே தெரியும் ஒங்களுக்கு. ஒங்க மொகத்தப் பாத்தேன். அவன்கிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?"

அவரே போன் போட்டார். பொறாமையில் பொய் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது சரியாகப் பார்க்கவில்லை என்று இழுத்தார். மறுமுனையில் ஜஸ்டின் கூச்சல் போட்டான். "அரே, ஒரிஜினலா அத்தான்!" ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் வேதநாயகத்துக்கு மனசு ஆறியிருக்கும். அடுத்த லீவில் வந்து ரிவால்வரை வாங்கிக்கொண்டவன், தோலுறையையும் கேட்டான்.

"அது மட்டும் கேக்காத," என்றார் வேதநாயகம்.

இப்போதெல்லாம் ஞாயிறு பூசை முடிந்தால் அவருக்குச் சௌல்தாரி போகாமல் இருக்க முடிவதில்லை. ஜஸ்டின் ஊரில் இருந்தால், வருகிறவர்களிடம் ரிவால்வர் வைத்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "அசலுன்னு கண்டுபிடிச்சதே எங்க அத்தான்தான்," என்று பெருமையாகச் சொல்வான். வேதநாயகம் தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பார். திரும்பும் பஸ்ஸில் அமுதத்திடம் பொருமுவார்: "வெயில் படுற எடத்துல வச்சிருக்கான் பாரு, கைப்பிடி வெடிச்சிரும். அவனுக்குப் போய்க் கெடச்சிருக்கு!"