பேஸ்பால் மைதானத்தில் பெண் பார்த்த கதை

தோலோடு வறுத்த உப்புக் கடலையை இரண்டு விரலால் நசுக்கினால் 'டப்'பென்று ஒரு சத்தம் வரும், கூடவே உப்பும் கருகலும் கலந்த ஒரு வாசனை எழும். எங்கள் பக்கத்தில் அதைக் 'கடலக்காய்' என்போம். அந்த வாசனை மூக்கில் ஏறினால் டெக்சாஸில் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படியே திரும்பி வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு என் சின்ன வயசு நாள் ஒன்றும் வரும். சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீடு. எனக்குப் பதினாலு வயது. அன்றைக்கு என்னை விளையாட விடாமல், தலைக்கு ஊற்றி, பெரிய சேலையைச் சுற்றி உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா விடிகாலையிலிருந்தே வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், முன்னால் வைத்த தட்டைத் தொடாமல் "தகவல் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்து போனார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மனசு முடிவாகாமல் 'கை நனைக்க'க் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் சம்மதம் சொன்ன மாதிரிதான். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "அவங்களுக்குப் பசியில்ல போல, கண்ணு" என்று சொல்லி, தட்டை இன்னொரு தட்டால் அழுத்தி மூடினாள். நான் யாருக்கும் தெரியாமல் திறந்து ஒரு கச்சாயத்தைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது. தகவல் வரவே இல்லை. பிறகு வேறொரு வீட்டார் வந்து, இரண்டாவது கச்சாயம் கேட்டு வாங்கித் தின்றார்கள். அந்த வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், என் மகன் செந்தில் டெக்சாஸில் இர்விங் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவனுக்குப் பொருத்தமான இரண்டு ஜாதகங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். போய் இறங்கியதும் அவன் மூன்றாவதாக ஒரு பெண்ணைச் சொன்னான். பெயர் அனிதா. அங்கேயே பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா டாக்டர், உடுமலைப் பக்கத்துக்காரர், அதே டெக்சாஸில் பேர்லேண்ட் என்கிற ஊரில் வீடு. பஜ்ஜி சொஜ்ஜி வைத்துத் தன்னை உட்கார வைக்கக் கூடாது, எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து ஊர் சுற்றுவோம், அதிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பெண் பார்க்கிறதா, பிக்னிக் போகிறதா?

"புடிக்கலைன்னா சொல்லிரும்மா. ஆனா இன்னைக்கே சொல்லிரு, அவங்கள இழுத்தடிக்க வேண்டாம்" என்றான் செந்தில். சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். சின்னப் பையனாக இருந்தபோது ஏதாவது வேண்டுமென்றால் அப்படித்தான் திருகுவான்.

"இருட்டறதுக்குள்ள சொல்றேன்" என்றேன்.

காலையில் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் எல்லாரும் கூடினோம். பிரசாதமாகப் புளியோதரை கொடுத்தார்கள். சாமி வீட்டுச் சோறு யார் வீட்டுச் சோறும் இல்லை என்பதால் அதை வாங்கிச் சாப்பிட்டேன். மற்றபடிக்கு என்னிடம் தூக்குப்போசியில் எலுமிச்சஞ்சோறு இருந்தது. என் பாடு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

டாக்டரின் வேனில் மேற்கே புறப்பட்டோம். ஃப்ரீவேக்கு இரண்டு பக்கமும் புல்வெளி, நடுநடுவே தரையே தெரியாமல் நீலப் பூ. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் சித்திரை மாதத்துக்குப் பிள்ளைகுட்டிகளோடு வந்து பூவுக்கு நடுவே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்களாம். பெண்ணின் அம்மா சரோஜா, "வாங்க அக்கா, அனு பக்கத்துல உக்காருங்க, ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று கூப்பிட்டாள். அந்தப் படம் எந்தெந்த வீட்டுச் சுவரில் ஏறுமோ என்று எனக்கு யோசனை. "வெயில் கண்ணக் கூசுது, நீங்க எடுத்துக்கங்க" என்று மரநிழலில் நின்றுகொண்டேன்.

அடுத்து ஒரு சின்ன ஊரில் ரொட்டிக்கடை. 'கொலாச்சி' என்று அங்கே பேர்போன ஒரு பன், நடுவில் குழி வைத்துப் பழத்தைக் கூழாக்கி ஊற்றியிருந்தார்கள். சூடாக, வெண்ணெய் மணத்தோடு ஒரு பெட்டி நிறைய வாங்கிவந்தார் டாக்டர். செந்தில் காசை எடுக்கப் போனால், "நோ நோ, நீங்க எங்க கெஸ்ட்" என்று அவன் கையை மடக்கிவிட்டார். அவர் வாங்கினால் அது பெண் வீட்டுப் பண்டம்தானே!

"சுத்த சைவமுங்க அக்கா, ஒண்ணு எடுத்துக்கங்க" என்றாள் சரோஜா.

"வயிறு நெறஞ்சிருக்குதுங்க."

சான் அன்டோனியோவில் ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றில் படகில் போனோம். கரையெல்லாம் குடை விரித்த கடைகள், சோள வறுவலைப் பச்சைச் சட்னி மாதிரி ஒன்றில் தோய்த்துத் தின்கிற கூட்டம். அங்கேயும் எலுமிச்சம்பழச் சாறு நீட்டினார்கள், அங்கேயும் வேண்டாமென்றேன். சரோஜாவும் எங்கள் பக்கத்துப் பெண்தானே, அவளுக்குப் புரியாமல் இருக்குமா? வேனுக்குத் திரும்பியதும் கொலாச்சிப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். அந்தக் கையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

மத்தியானம் பேஸ்பால் பார்க்கப் போனோம். டி.வி.யில் காட்டுகிற பெரிய ஆட்டம் இல்லை. பெரிய அணிக்குப் போகக் காத்திருக்கிற இளவட்டங்கள் ஆடுகிற சின்ன மைதானம். பலகை இருக்கை, பாதிக்கு மேல் காலி. வாசலில் நின்ற ஆள் என் தூக்குப்போசியைத் திறந்து மோந்து பார்த்துத் தலையாட்டினான். வெளிச் சாப்பாடு உள்ளே ஆகாதாம். எலுமிச்சஞ்சோறு வேனுக்குத் திரும்பிப் போய்விட்டது. வயிறு கூவ ஆரம்பித்த நேரம் பார்த்து இப்படி.

ஆட்டத்தைச் செந்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். கோட்டுக்கு வெளியே போய் விழுந்தால் அந்த அடி ஆகாதாம். "எவ்வளவு தூரம் போனாலுமா?" என்றேன். "எவ்வளவு தூரம் போனாலும் கணக்கில்லம்மா." அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அனிதா, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், காக்கையெல்லாம் பறந்தது. சரோஜா, "அடியே, சும்மா இரு" என்று முழங்கையால் இடித்தாள். பெண்ணுக்கு அது உறைக்கவே இல்லை. காலையிலிருந்து அவள் ஒருமுறைகூடத் தலையைக் குனியவில்லை. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். ஆனால் படகில் ஏறும்போது யாரும் சொல்லாமல் என் கையைப் பிடித்தவளும் அவள்தான். இவளை என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது.

அந்த மைதானத்தில் இன்னொரு வேடிக்கை. கடலை விற்கிற ஆள் படியிலேயே நின்றுகொள்வான். பொட்டலம் முன்பின் தெரியாதவர்கள் கை மாறிக் கை மாறி வந்துசேரும், காசு அதே வழியாகத் திரும்பிப் போகும். ஒருவன் பந்தை வானத்துக்கு அடித்தான். நான் அண்ணாந்து அதையே பார்த்திருக்கும்போது மடியில் சூடாக ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. திரும்பினால் செந்திலின் கை. பையன் ஒருவழியாகத் தன் காசைச் செலவழித்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு கேட்க வேண்டுமா! உடைத்தேன், தின்றேன், தோலை எல்லாரையும் போலக் காலடியில் போட்டேன். நம் ஊர்க் கடலைதான், உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

பாதிப் பொட்டலம் காலியான பிறகு சரோஜா எட்டிப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது.

"அனு, அந்தக் கடல யாரு வாங்குனது?"

"நான்தான். வொய்?"

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. "சம்பந்தியம்மா, கை நனைச்சுட்டீங்களே!"

என் வாயில் இருந்த கடலை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் பதறி, "ஏ, சும்மா இரு. அவங்க தெரியாம சாப்பிட்டாங்க" என்றார். செந்தில் பொத்தானைத் திருக ஆரம்பித்தான். அனிதா ஒன்றும் புரியாமல் அம்மாவைக் கேட்டாள். அம்மா அவள் காதில் வழக்கத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. காலையிலிருந்து நான் வேண்டாமென்ற ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முதல்தடவையாகத் தலையைக் குனிந்தாள்.

"சாரி ஆன்ட்டி. எனக்குத் தெரியாது. நீங்க கோயிலுக்கப்புறம் ஒண்ணுமே சாப்பிடல... யூ லுக்ட் ஸோ ஹங்ரி" என்றாள். பிறகு மெதுவாக, "இட்ஸ் ஓகே. இது கணக்கில்ல."

கொலாச்சிப் பெட்டியை மூடிய கையை எங்கே பார்த்தேன் என்று அப்போது விளங்கியது. என் அம்மாவின் கை அது. நான் பட்டினி கிடக்கிறேன் என்று அத்தனை பேரில் கண்டுபிடித்தவள், வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த இந்தப் பெண்தான். இப்போது எனக்காக அவளே விட்டுக்கொடுக்கிறாள். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து என்று நானும் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பொட்டலத்திலிருந்து இன்னொரு கடலையை எடுத்து, எல்லாரும் பார்க்கவே உடைத்து வாயில் போட்டேன்.

"உப்பு தூக்கலா இருக்குது அம்மிணி," என்றேன். "தண்ணி இருந்தா குடு."

அவள் தன் பாட்டிலை நீட்டினாள். சரோஜா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. செந்தில் எழுந்து நின்று கை தட்டினான். முன்வரிசைக்காரர்கள் ஆட்டத்தில் என்னவோ நடந்துவிட்டது என்று அவர்களும் எழுந்து தட்டினார்கள்.

இதெல்லாம் நடந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. பெண் பார்க்கிறதையே இப்போது போனில் முடித்துவிடுகிறார்கள். நேரில் போகிறவர்களும் முதலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேண்டாமென்கிறார்கள். கை நனைப்பது என்றால் என்னவென்று கேட்கிற காலம். போன தடவை டெக்சாஸ் போயிருந்தபோது அந்த மைதானம் இருந்த வழியாகவே போனோம். பலகையும் இல்லை, வாசலில் மோந்து பார்த்த ஆளும் இல்லை. கார் நிறுத்தக் கோடு போட்ட சிமெண்டுத் தரை. நாம் உட்கார்ந்த இடம் எது என்று கேட்டேன். மகன் ஒரு மூலையைக் காட்டினான், மருமகள் இன்னொரு மூலையைக் காட்டினாள், இரண்டு பேரும் அதற்கொரு சண்டை போட்டார்கள்.

வெயில் நன்றாகவே அடித்தது. நான் கேட்காமலே அனிதா பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்டினாள்.

"குடிங்க அத்தை," என்றாள். "இது கணக்குல வரும்."